பிரிஸ்கில்லா நின்ற இடத்து வெயில்

இந்தத் தீவின் சிப்பிகாட்டில், கடல்நீர் ஏறித் திரும்பிப் போகாமல் நின்றுவிட்ட பழைய நெல்வயலின் கரையில், மேகம் ஒன்றுகூட இல்லாத ஒரு மார்ச் மாத நடுப்பகலில், உச்சி வெயில் மாலை வெயிலாக இளகியபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள்: பாம்பூ ஃப்ளாட்டைச் சேர்ந்த கருவாட்டு வியாபாரி கிளமெண்ட், அவருடைய மனைவி ரீத்தா, அவருடைய தங்கை பிரிஸ்கில்லா, சென்னையிலிருந்து படமெடுக்க வந்த இயக்குநர் நந்தகுமார், ஒளிப்பதிவாளர் அருண்பிரசாத், லைட்மேன்களுக்குத் தலைவராக இருந்த உசிலம்பட்டிக்காரர் ஒச்சப்பன், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட கதாநாயகி, படக்குழுவின் மற்ற ஆட்கள். பக்கத்துக் கொப்பரைக் களத்துக்காரர் பாதியில் வந்தார், அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். வேறு யாரும் இல்லை. நானும் அங்கே இருந்தேன் என்று இப்போது ஜங்கிலிகாட் மார்க்கெட்டில் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால் அந்தக் கரை தாங்கியிருக்காது. வெயிலை இளக்கியது பிரிஸ்கில்லா. அதற்காக அவள் எதுவும் செய்யவில்லை. நின்றாள், அவ்வளவுதான்.

அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஞானஸ்நானம் முடிந்து, தந்தை ஜேசுதாசன் குழந்தையை மாதா கோயில் வாசலுக்குத் தூக்கிவந்தபோது படிக்கட்டில் வெறுங்காலோடு நின்றவர்கள் அதை முதலில் உள்ளங்காலில் அறிந்தார்கள். கல்லின் சூடு குறைந்திருந்தது. மேகம் வந்துவிட்டதென்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்; வானம் கழுவிக் கவிழ்த்த தட்டுபோல வெறுமையாக இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜேசுதாசன் நடந்தால் வெயிலின் தணிவும் கூடவே நடந்தது. மேற்றிராணியாருக்கு இதை எழுதட்டுமா என்று பங்குச் சாமியார் கேட்டார். வேண்டாம் என்றார் ஜேசுதாசன். வீட்டுப் பெண்குழந்தையைப் பற்றி வெளியே எழுதிப் பரப்பும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. இப்போது எழுத நேர்ந்தது, மற்றவர்கள் தவறாகப் பேசத் தொடங்கிவிட்டதால்.

வீச்சு வலை விரிந்து விழும் அளவுக்கு அந்த வட்டம் இருந்தது. அதற்குள் நிழல் உண்டு, நிழலுக்கு விளிம்பு கிடையாது. வெளிச்சம் இளநீர் வழுக்கையின் நிறத்தில் இருக்கும். சூடு கையில் பிடிக்கத்தக்கதாக இருக்கும். கோழிகள் அவள் பின்னாலேயே திரிந்தன. பிரசவ நாள் நெருங்கிய பெண்கள் தங்கள் வாசலில் வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும்படி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கல்யாணம், புதுநன்மை, கப்பலில் வேலை கிடைத்தவனை வழியனுப்புதல் என்று எதற்குப் படம் பிடித்தாலும் அவளை அழைத்துப்போய் போட்டோகிராபரின் தோளருகே நிற்க வைத்தார்கள். பாம்பூ ஃப்ளாட் தமிழர்களின் கல்யாண ஆல்பங்களில் சம்பந்திகள்கூட நன்றாகத் தூங்கிக் குளித்தவர்கள்போல இருப்பதற்கு இதுவே காரணம். அந்த ஆல்பங்கள் எதிலும் அவள் இல்லை. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாப் பக்கத்திலும் இருக்கிறாள்.

ஆனால் இந்தக் குடும்பம் கருவாட்டுக் குடும்பம். ஜேசுதாசன் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து பாம்பூ ஃப்ளாட்டில் களம் போட்டவர். மீன் எல்லோரிடமும் இருந்தது, உப்பும் எல்லோரிடமும் இருந்தது. காயவைக்கும் பக்குவம் அவரிடம் மட்டும் இருந்தது. அவருடைய சீலாக் கருவாட்டைச் சுண்டினால் பலகையைத் தட்டிய சத்தம் வரும். சென்னையில் மூட்டையைப் பிரிக்காமலே, யார் சரக்கு என்று மட்டும் கேட்டு வாங்கினார்கள். அவர் காலமான பிறகு மகன் கிளமெண்டும் அந்தப் பெயரைக் காப்பாற்றினார். வீடு களத்தின் நடுவில் இருந்தது. பிரிஸ்கில்லா வீட்டுக்குள் இருந்தாலும் அவளுடைய வட்டம் சுவரைத் தாண்டி வெளியே மூங்கில் தட்டிகளின்மேல் விழுந்தது. அங்கே பரப்பிய மீன் மட்டும் காயாமல் நாறியது. எனவே மழை ஓய்ந்து தட்டிகள் வெளியே வந்ததும் அவள் காலைப் படகில் எதிர்க்கரையிலுள்ள சாத்தத்துக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பினாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. எழுந்ததும் அவளே புறப்பட்டுவிடுவாள். ரீத்தா சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுப்பாள்.

எங்கே போவது என்பதுதான் தொல்லை. இந்தத் தீவுகளில் மழையில்லாத மாதங்களில் யாராவது எதையாவது காயப்போட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஓரிடத்தில் கொப்பரை, ஓரிடத்தில் பாக்கு, ஓரிடத்தில் மிளகு, எங்கு பார்த்தாலும் துணி. ஃபீனிக்ஸ் பேயில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மாடியில் குடியிருந்தவர்களின் வடகம் பூசணம் பிடித்தது. பிறகு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. கூரையில் இருந்த சோலார் தகடுகள் மின்சாரம் தருவதை நிறுத்தின. மெயின்லேண்டிலிருந்து எஞ்சினியர்கள் வந்து கம்பிகளை மாற்றிப் பார்த்தார்கள். பிரிஸ்கில்லா விடுப்பு எடுத்த நாளில் தகடுகள் வேலை செய்தன. காரணத்தை அவளே அதிகாரியிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டாள். அவளை வேலையைவிட்டு நீக்கினார்கள் என்பது பொய். சிப்பிகாட்டில் அந்தக் கொப்பரைக் களத்துப் பெங்காலிக்காரர் அவள் தூரத்தில் வரும்போதே கையை நீட்டி, "தீதீ, உதர் பைட்டோ" அக்கா, அந்தப் பக்கம் உட்காரு என்று எதிர்ப்பக்கத்தைக் காட்டுவார். அவள் எதிர்ப்பக்கம் போய் உட்காருவாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அவளைப் பிடிக்காமல் இல்லை. அவர்களும் மீன் உலர்த்தும் குடும்பங்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், களத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

குடும்பத்துக்குக் கல்நெஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஆண்டு தை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. களம் நிறைய நெத்திலி விரித்துக் கிடந்தபோதும், பிள்ளை எழுந்திருக்கக் கூடாது, உள்ளேயே படுத்திருக்கட்டும் என்று சொன்னவர் கிளமெண்ட். அவள் குணமாகி எழுந்தாள். நெத்திலி கெட்டது. அதை ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தும் கூலியாட்கள் நல்ல சரக்கோடு கலந்து கட்டிவிட்டார்கள். சென்னையிலிருந்து மூட்டைகள் அடுத்த கப்பலிலேயே திரும்பி வந்தன. ஜேசுதாசனின் முத்திரையைத் தாங்கி, புழுத்த வாடையோடு ஹாடோ துறையில் எல்லோரும் பார்க்கக் கிடந்தன. அன்று மாலை வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் கிளமெண்ட் முடிவு செய்தார். தூத்துக்குடியில் அவர்களுடைய அத்தை, ஜேசுதாசனின் தங்கை, மாடி வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்குப் போன் செய்து, ஈஸ்டர் கழிந்ததும் பிரிஸ்கில்லாவை அனுப்பிவைப்பதாக வாக்குக் கொடுத்தார். ஃபீனிக்ஸ் பேயில் விடியுமுன்னே வரிசையில் நின்று கப்பல் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. பிரிஸ்கில்லாவுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. மெயின்லேண்டை அவள் பார்த்ததே இல்லை, பார்க்க விரும்பியதும் இல்லை. தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். அடுத்த நாளே வெளியில் எடுத்து உதறினாள். மறுபடி அடுக்கினாள். ரீத்தா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சமயத்தில்தான், அதுவும் தவக்காலத்தில், நந்தகுமாரின் படக்குழு வந்து இறங்கியது. சிப்பிகாட் வயல்களில் சுனாமிக்குப் பிறகு கடல் நின்றுவிட்டது. பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பாக உப்புத் தண்ணீரில் நிற்கின்றன. அவற்றின் நடுவே கதாநாயகி நின்று, கணவன் இனித் திரும்பப்போவதில்லை என்பதை முகத்தாலேயே உணர்ந்து காட்ட வேண்டும். பேச்சில்லை. முகம்தான் காட்சி. அதற்கு விடிகாலை வெளிச்சம் வேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். குழுவினர் மெயின்லேண்ட்காரர்கள் எல்லோரும் இங்கே செய்யும் தவறைச் செய்தார்கள். கடிகாரத்தை நம்பினார்கள். சென்னைக்கும் இங்கும் ஒரே கடிகாரம்தான், ஆனால் சூரியன் இங்கே முதலில் வந்து முதலில் போய்விடுகிறது. சென்னையில் விடியும் நேரத்துக்குக் கேமராவோடு வந்து நின்றார்கள். இங்கே வெயில் ஏறி, ஆடுகள் நிழல் தேடத் தொடங்கியிருந்தன. சரி, மாலை வெளிச்சத்தில் எடுப்போம் என்று போய்ப் படுத்தார்கள். டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கரையில் ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை. இதே தவறை மறுநாளும் செய்தார்கள் என்பதை அவர்களுடைய பிடிவாதத்துக்கு மரியாதையாகச் சொல்லலாம்.

ஆகவே பகல் வெயிலில்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தீவின் பகல் வெயிலில் முகம் முகமாக இருக்காது. புருவத்தின் நிழல் இறங்கிக் கண்ணை மூடும். மூக்கின் கீழே மீசை முளைக்கும். வியர்வை தகரமாக மின்னும். அதற்கென்று அவர்கள் ஸ்கிம்மர் என்று சொல்லும் சாதனம் கொண்டுவந்திருந்தார்கள். பந்தல் அளவுள்ள இரும்புச் சட்டத்தில் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, நடிப்பவரின் தலைக்குமேலே பிடித்தால் வெயில் வடிகட்டி இறங்கும். ஒச்சப்பனும் அவருடைய ஆட்களும் நான்கு மூலையிலும் நின்று அதைப் பிடித்தார்கள். ஓடைப் பக்கமிருந்து வந்த காற்று துணியைப் பாய்மரமாக எடுத்துக்கொண்டு போய்க் கண்டல் காட்டுக்குள் போட்டது. அங்கே முதலை உண்டு என்பதால் யாரும் இறங்கவில்லை. பிறகு தங்கியிருந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கட்டினார்கள். கதாநாயகியின் முகத்தில் தையல் கோடுகள் விழுந்தன. பட்டர் பேப்பர் ஒட்டிப் பார்த்தார்கள். அது படபடத்துக் கிழிந்தது. மறுநாள் கதாநாயகிக்கு விமானம். அந்த முகம் கிடைக்காவிட்டால் படத்துக்கு முடிவு இல்லை.

படக்குழுவைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்விடக் கிளமெண்டின் டுங்கியைப் பேசியிருந்தார்கள். டுங்கி என்பது இங்கே மோட்டார் வைத்த சிறு படகு. மதியச் சாப்பாட்டுக்கு மீன் குழம்பு ரீத்தாவின் பொறுப்பு. அன்று வீட்டுக் களத்தில் வாளை மீன் விரித்திருந்ததால் பிரிஸ்கில்லாவும் படகில் ஏறிக்கொண்டாள். கரைக்கு வந்ததும் வழக்கம்போல எல்லோரையும் விட்டு விலகி, யாரும் எதையும் காயப்போடாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு வேளையில் ரீத்தாவுக்குக் கை போதவில்லை. பிரிஸ்கில்லா குழம்புப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பரிமாற வந்தாள். கேமராவுக்குப் பின்னால் குனிந்திருந்த அருண்பிரசாத் நிமிர்ந்தார்.

"யாருங்க லைட்ட மாத்தினது?"

"மேல இருக்கிறவன்தான் மாத்திருக்கணும் சார்," என்றார் ஒச்சப்பன். "நம்ம பயக எல்லாம் சோத்துல இருக்காய்ங்க."

அருண்பிரசாத் வானத்தைப் பார்த்தார். வெளிச்சம் அளக்கும் மீட்டரை நீட்டிப் பார்த்தார். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. கதாநாயகி நாற்காலியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்கள் இரண்டும் தெரிந்தன. கன்னத்தில் ஒளி விளிம்பில்லாமல் வளைந்து போயிற்று. பிறகு குழம்பு தீர்ந்து பிரிஸ்கில்லா பாத்திரத்தோடு ரீத்தாவிடம் திரும்பினாள். வெயில் பழையபடி கதாநாயகியின் தலையில் விழுந்தது. ஒச்சப்பன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். வெளிச்சம் அந்தம்மாவோடயே போகுது சார் என்று மெதுவாகச் சொன்னார். அருண்பிரசாத் கிளமெண்டிடம் ஓடிப்போய்க் கேட்டார். கிளமெண்டுக்கு முகம் இறுகிற்று. களத்துக்காரர் யாரோ புகார் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தார்.

"அது பிள்ளைக்குப் பெறப்புலயே உள்ளது சார். கருவாடு காயாது. மத்தபடி யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. இந்தா, இப்பம் படகுல ஏத்திருதேன்."

நந்தகுமார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் தங்கை கேமராவுக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்று கேட்டார். கேட்கும்போது இயக்குநருக்குக் கண்ணில் நீர் வந்தது. உப்புக்காற்று என்றும் சொல்லலாம். இந்தக் குடும்பத்துப் பெண்கள் சினிமாவில் நிற்பதில்லை என்று கிளமெண்ட் முதலில் சொன்னார். பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். முகமோ கையோ சேலை நுனியோ படத்தில் வரக் கூடாது. தோளைத் தொட்டு நகர்த்தக் கூடாது. நகர வேண்டுமானால் வாயால் கேட்க வேண்டும். அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். இதை வெளியே சொல்லக் கூடாது. தவக்காலம் என்பதால் அங்கே பாட்டுப் போடக் கூடாது. நந்தகுமார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளமெண்ட் வாக்குக் கொடுத்தார். இந்தக் குடும்பத்தில் கொடுத்த வாக்கு திரும்பியதில்லை.

பிரிஸ்கில்லா வரமாட்டேன் என்றாள். டுங்கியில் ஏறி, முகத்தை ஓடைப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். அவளைச் சுற்றித் தண்ணீர் மங்கிய வெள்ளியாகக் கிடந்தது. சற்றுத் தள்ளி கண்ணைக் குத்தியது. "நீ குடுத்த வாக்குக்கு நீயே போய் நில்லு அண்ணன்," என்று அங்கிருந்தே சொன்னாள். "ஒன் தலையில வெயிலு நல்லா அடிக்கும்." லைட்மேன்களில் ஒருவர் சிரித்தார், ஒச்சப்பன் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ரீத்தா பாத்திரம் கழுவிக்கொண்டே, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, அத்தைக்கு வாக்குக் கொடுத்தபோதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை என்று புருஷனுக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னாள். கிளமெண்ட் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிரிஸ்கில்லாவின் வெளிச்சத்தில் யாராலும் கோபமாக இருக்க முடியாது. அந்த ஒளியில் எதிரில் இருப்பவரின் முகம் முழுவதும் தெரியும். நெற்றிச் சுருக்கம், தூக்கமில்லாத இமை, சொல்ல வந்து சொல்லாமல் விட்ட உதடு எல்லாம் தெரியும். பார்த்தபின் கடிந்து பேச வாய் வராது. கிளமெண்டுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவளைப் பற்றிய காரியங்களை எல்லாம் பொழுது சாய்ந்தபின், கதவை அடைத்து, டியூப்லைட்டின் கீழே வைத்துப் பேசினார். பகலில் வெளியில் வைத்துத் தங்கையிடம் ஒரு முடிவைச் சொல்ல நேர்ந்தது அன்றுதான்.

"அங்கன அத்தை ஒன்னை நல்லாப் பாத்துக்கிடுவா பிள்ளே."

"பாத்துக்கிடுவா. ஒரு வாரம் பாத்துக்கிடுவா. பெறகு மாடியில மொளகா காயப்போடுவா."

அத்தை மிளகாய் காயப்போடுவாள் என்பது கிளமெண்டுக்கும் தெரியும். பிரிஸ்கில்லா திரும்பி அவரைப் பார்த்தாள். அண்ணனுக்கு மீசையில் நரை ஏறியிருப்பதை அவளும் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"மெயின்லேண்ட்ல என்னைய யாருக்குத் தெரியும் அண்ணன்? இங்க என்னைய வெரட்டுதவன்கூட தீதீன்னு கூப்பிட்டுத்தான் வெரட்டுதான்."

கிளமெண்ட் படகின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கொடுத்த வாக்கு ஒன்று, இயக்குநருக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. அத்தையிடம் அனுப்புவதானால் அவள் படகைவிட்டு இறங்க மாட்டாள்; இரண்டில் ஒன்று போக வேண்டியிருந்தது. குடும்பத்தின் மானம் கருவாட்டில் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தவர், தன் வீட்டுப் பிள்ளை பகலெல்லாம் இருக்க இடமின்றிப் பிறர் களங்களின் ஓரத்தில் விரட்டப்பட்டுத் திரிந்ததை அப்போது அந்த முகத்தில் பார்த்தார். அதற்கு மேல் மானம் போவதற்கு நெத்திலி மூட்டை வேண்டியதில்லை.

"சரி, போவாண்டாம்," என்றார்.

"இதை வீட்டுக்குள்ள வந்தும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"டியூப்லைட்டு போட்ட பெறகும்?"

"சொல்லுதேன்னு சொல்லுதேன்லா."

பிரிஸ்கில்லா இறங்கினாள். அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து, கேமராவுக்குப் பக்கத்தில் ஒச்சப்பன் காட்டிய இடத்தில் நின்றாள். பட்டுப்போன மரங்கள்மேல், உப்புத் தண்ணீர்மேல், கதாநாயகியின் முகத்தின்மேல் வெயில் இளகிற்று. அருண்பிரசாத் சற்று இடப்பக்கம் என்றார். அக்கா என்று சேர்த்துச் சொன்னார். அவள் நகர்ந்தாள். கதாநாயகி தூரத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் இனி யாரும் வரப்போவதில்லை என்பது தெரிந்தது. அந்தக் கண்ணை எல்லோராலும் பார்க்க முடிந்தது. ஒரே தடவையில் எடுத்தார்கள். ஒச்சப்பன் வாழ்நாளெல்லாம் பிறருடைய முகத்துக்கு வெயில் படாமல் துணி பிடித்தவர். அவருடைய தலையிலிருந்த துண்டை எடுத்து யாரும் பார்த்ததில்லை. அன்று அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, காட்சி முடிந்த பிறகும் அந்த வட்டத்துக்குள்ளேயே நின்றார். யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பாதியில் கொப்பரைக் களத்துக்காரர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். வெளிச்சத்துக்குள் நுழைந்ததும் என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்து, தன்னையும் ஒரு போட்டோ எடுக்க முடியுமா என்று கேட்டார். எடுத்தார்கள். அந்தப் படம் இப்போதும் அவருடைய களத்துக் கொட்டகையில் மாட்டியிருக்கிறது. ரொம்பவும் நல்ல மனிதராகத் தெரிகிறார்.

கிளமெண்ட் சொன்னபடியே செய்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு டியூப்லைட்டைப் போட்டு, தங்கையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அத்தைக்குப் போன் போட்டார். அத்தை கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு, மாடியில் மிளகாய் காய்வதாகவும் மழை வருவதுபோல இருப்பதாகவும் சொல்லி வைத்துவிட்டாள். டிக்கெட் ரத்து செய்யப்பட்டது. பெட்டியிலிருந்த துணிகளை ரீத்தாவே எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தப் படம் அடுத்த ஆண்டு வந்தது. ஒளிப்பதிவைப் பலரும் பாராட்டினார்கள். எந்தத் துணியைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டவர்களுக்கு அருண்பிரசாத் பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அதுவும் நிபந்தனைகளில் சேர்ந்திருந்தது. ஒச்சப்பன் மட்டும் தன் தொழிலில் உள்ளவர்களிடம் சொன்னார். அதன்பின் மழை ஓய்ந்ததும் தெலுங்குப் படக்காரர்கள் வந்தார்கள், மலையாளத்தார் வந்தார்கள், கல்கத்தாவிலிருந்து சோப்பு விளம்பரக்காரர்கள் வந்தார்கள்; சோப்பைவிட அவளுடைய வெளிச்சம் நன்றாக இருந்ததால் மறுபடி எடுக்க நேர்ந்தது. ஒரு தடவை அவளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். கிளமெண்ட் அதைப் பார்த்துவிட்டுப் போய், படாக் மரத்தில் கைவைத்த நாற்காலி ஒன்று செய்யச் சொன்னார். படப்பிடிப்பு எந்தத் தீவில் நடந்தாலும் அந்த நாற்காலி அவளோடு படகில் போகிறது.

கருவாடு காயும் மாதங்களும் படமெடுக்கும் மாதங்களும் ஒன்றே என்பதால் களத்துக்கு முழு வெயிலும் கிடைக்கிறது. ஜேசுதாசன் வீட்டுச் சீலாவைச் சுண்டினால் இப்போதும் பலகைச் சத்தம்தான். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் பிரிஸ்கில்லா வீட்டில் இருக்கிறாள். அன்றைக்கு மீன் உப்பிலேயே கிடக்கட்டும், யாரும் தட்டி விரிக்க வேண்டாம் என்பது கிளமெண்டின் உத்தரவு. கூலியாட்கள் அன்று வாசலில் உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். தோற்றவர்களுக்கும் கோபம் வருவதில்லை. அவளுக்குத் தலையில் ஓரிரண்டு நரை தோன்றிவிட்டது. கல்யாணம் பற்றிக் கேட்பவர்களுக்கு, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று ரீத்தா சொல்கிறாள்; யாரோடு என்பதைச் சொல்வதில்லை. இருக்க இடம் கிடைத்ததிலிருந்து அவளுடைய வட்டம் ஆண்டுக்கு ஆண்டு அகன்றுவருகிறது. முன்பு ஒரு வீச்சு வலை. பிறகு கோயில் முற்றம். இப்போது ஒரு கப்பல் துறையை மூடும் அளவு. பாம்பூ ஃப்ளாட்டில் யாரும் இதை அதிசயமாகப் பேசுவதில்லை. துணி துவைக்கப் போகுமுன், இன்றைக்கு உன் நாத்தனாருக்குப் படப்பிடிப்பு உண்டா என்று ரீத்தாவிடம் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன ஆண்டு ஈஸ்டருக்குப் பிறகு ஹாடோ துறையில் சென்னைக் கப்பல் புறப்பட நின்றபோது, அதன் மேல்தளத்தில் உச்சிப்பகலில் மாலை வெயில் அடித்ததைப் பயணிகள் பலர் பார்த்திருக்கிறார்கள். அதைக் கொண்டு, கிளமெண்ட் கடைசியில் தங்கையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பி, ஃபீனிக்ஸ் பே டிக்கெட் வரிசையிலிருந்து சிப்பிகாட் வரை போயிருக்கிறது. அது தவறு. அந்தக் கப்பலில் போனது அத்தைக்கான சீலாக் கருவாட்டுப் பொட்டலம். பிரிஸ்கில்லா அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட வந்து, கரையில் அண்ணனோடு நின்றுகொண்டிருந்தாள். கப்பல் விலகிச் சிறிது தூரம் போனதும் தளத்தில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு துண்டையும் குடையையும் தேடினார்கள். கரையில் இருந்தவர்கள் தேடவில்லை.